1.2 லிட்டர் பெட்ரோல் காரின் பிக்கப்பைச் சற்றுக் கூட்ட வேண்டும்: எதில் பணம் போடுவது?

வடுவூர் வழிப்போக்கர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று உள்ளது. மூன்றாண்டுகளுக்கு முன்பு பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். இப்போது 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது. வாரத்தில் ஐந்து நாள் மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குத் தனியாகப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா, அம்மா, மனைவி, மகளுடன் ஐவராகக் கும்பகோணம் பக்கம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவது வழக்கம்.

தனியாகப் போகும்போது ஒருவாறு ஈடுகொடுக்கும் வண்டி, ஐவர் ஏறி ஏசியும் போட்டுவிட்டால் அசைய மறுக்கிறது. வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு போகும்போது, எதிரே வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து வலப்பக்கம் எடுத்து, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும், முந்தி முடிப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு பேருந்து வந்து நிற்கிறது. நம் பகுதியில் மலை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் கூப்பிடு தூரத்துக்கு ஓர் ஆறோ வாய்க்காலோ உண்டு, அதற்கொரு பாலம் உண்டு, பாலத்துக்கு இருபுறமும் ஏற்றம் உண்டு. அந்தச் சிறு ஏற்றத்திலேயே வண்டி முனகுகிறது.

தஞ்சாவூரில் இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஓரிடத்தில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாட்ட 18,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னோரிடத்தில் எஞ்சினின் கணினியை ரீமேப் செய்து, அதாவது அதில் பதிந்துள்ள கணக்குகளை மாற்றி, 15 குதிரைத் திறன் கூட்டித் தருவதாகச் சொல்லி 25,000 ரூபாய் கேட்கிறார்கள். என் மைத்துனரோ இதெல்லாம் வீண், 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலே போதும் என்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை.

கேட்பதற்கு முன்பே சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பொங்கலுக்கு 15 அங்குல அலாய் வீலும் 195/65 டயரும் போட்டேன்; முன்பு இருந்தவை 165/80, 14 அங்குலம். உள்ளூர் மெக்கானிக் நம் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-40 ஊற்றுகிறார். மைலேஜ் 17 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 14.5தான். மற்றபடி எஞ்சினில் குறை சொல்ல முடியாது. சித்திரை வெயிலில்கூட வெப்பமானி முள் கால்வாசியைத் தாண்டியதே இல்லை.

ஓய்வுபெற்ற ஸ்பேனர்:

தம்பிக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் கும்பகோணத்தில் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெருமையாகச் சொன்ன கடைசி வரியில்தான் உங்கள் வண்டியின் நோய் இருக்கிறது என்பது என் ஊகம்.

முள் கால்வாசியைத் தாண்டாதது ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்றொரு சிறு கதவு உண்டு. தண்ணீர் ஏறத்தாழ 82 முதல் 88 பாகை வரை சூடேறும்வரை அது மூடியிருந்து, அதன் பிறகுதான் ரேடியேட்டருக்கு வழிவிடும். அந்தக் கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும், யாராவது அதைக் கழற்றி எறிந்திருந்தாலும், சாலையில் ஓடும்போது எஞ்சின் 60, 70 பாகையிலேயே நின்றுவிடும். எஞ்சின் இன்னும் காலைக் குளிரில் இருக்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். ஆயிலும் முழுதாக இளகாமல் உள்ளே உராய்வைக் கூட்டும். அதற்கு மேல் உங்கள் மெக்கானிக் 20டபிள்யூ-40 வேறு ஊற்றியிருக்கிறார். ஆறாத எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் கேட்டாலும் ஒரு நியாயம் உண்டு; சூடேறாத எஞ்சினுக்கு அதை ஊற்றுவது, நடக்கத் திணறுகிறவனைச் சேற்றில் இறக்கிவிடுவது போல.

யாராவது கழற்றியிருந்தாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இளவயதில் நானே பல வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் என்று ஒன்றை யாரும் வாங்கியதில்லை. போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுவோம், உப்புப் படிந்து தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொள்ளும், வண்டி கொதிக்கும், கதவையே கழற்றிவிட்டால் தொல்லை தீரும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தக் கை வைத்தியம் பலித்தது. இன்றைய வண்டியில் வெப்பநிலையைப் பார்த்துத்தான் கணினி ஒவ்வொரு முடிவையும் எடுக்கிறது. ஆனாலும் "இது வெயிலூர், தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று சொல்லும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. வண்டியின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; ஒன்றை வாங்கி, கைப்பேசியோடு இணைத்து, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு கூலண்ட் வெப்பநிலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 80க்குக் கீழே நின்றால் என் ஊகம் சரி.

அடுத்து டயர். உங்கள் பழைய டயரின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 634.5 மில்லிமீட்டர். ஏறத்தாழ 2.4 விழுக்காடு பெரிய சக்கரம் என்றால், ஒவ்வொரு கியரும் அதே அளவு நீண்டுவிட்டது என்று பொருள். இழுவையில் அவ்வளவு போய்விட்டது, அகலமான டயரின் எடையும் அதோடு சேர்ந்துகொண்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மீட்டரில் 100 கிலோமீட்டர் காட்டும்போது நீங்கள் 102.4 ஓடியிருப்பீர்கள் என்பதால், உங்கள் 14.5 உண்மையில் 14.8க்குச் சற்று மேலே. மைலேஜ் இழப்பில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. வாங்கிய டயரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, தேய்ந்து மாற்றும்போது அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதுவரை காற்றையாவது, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது பார்த்து நிரப்புங்கள். ஓடிய சூட்டில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்.

இப்போது உங்களுக்கு வந்த விலைப்பட்டியலுக்கு வருவோம். இந்த அளவு எஞ்சின்கள் 83 குதிரைத் திறன் அளவில் தருபவை, அதுவும் 6,000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றும்போது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், வெளிக்காற்றின் அழுத்தத்தில் எவ்வளவு காற்று தானாக உள்ளே வருகிறதோ அவ்வளவைத்தான் எரிக்க முடியும். கணினியில் எதை மாற்றினாலும் உள்ளே வரும் காற்று அதிகரிக்கப் போவதில்லை. ஒழுங்காகச் செய்தால் ஐந்து, ஏழு விழுக்காடு கிடைக்கலாம். 83க்கு ஏழு விழுக்காடு என்றால் ஆறு குதிரைத் திறன்கூட முழுதாக வராது. அதுவும் நீங்கள் தொடவே தொடாத உச்ச வேகத்தில். பதினைந்து என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள்.

கூம்பு ஃபில்டர் நம் பகுதிக்கு நிச்சயமாக ஆகாது. தயாரிப்பாளர் வைத்த ஃபில்டர் பெட்டி, முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் வழியாக இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பை மாட்டினால் பானட்டுக்குள் வேகும் காற்றைத்தான் எஞ்சின் குடிக்கும். 25 பாகைக் காற்றைவிட 60 பாகைக் காற்றின் அடர்த்தி பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு. ஆக, காசு கொடுத்துத் திறனைக் குறைத்துக்கொள்கிறோம். உறிஞ்சும் சத்தம் பெரிதாகக் கேட்பதால் வண்டி பறப்பதாகத் தோன்றும், அவ்வளவே. தை, மாசி அறுவடையில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டு, வண்டிகளை மேலே ஓடவிட்டுத் தூற்றும் ஊரில், நுண்தூசியைக் கூடுதலாக விடும் ஃபில்டரைப் போட்டால் பிஸ்டன் வளையத்துக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற காகித ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் மைலேஜில் பெரிதாகத் தெரியாது, கணினி பெட்ரோலைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் முழுதாக மிதிக்கும்போது இழுக்காது. உங்கள் புகார் அதுதானே.

ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000, 40,000 கிலோமீட்டருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரிடியம் போட்டால் திறன் கூடும் என்பார்கள். அப்படிக் கூடுவதில்லை, நீண்ட நாள் உழைக்கும், அவ்வளவே. ஓடி முடித்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மலையூர்க்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு, சாலை பலகை போலச் சமமாகக் கிடக்கிறது. விடியற்காலையில், ஆள் நடமாட்டமும் வண்டியும் இல்லாத நேரான இடத்தில், மூன்றாவது கியரில் 40லிருந்து 80 வரை எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் குறிக்கச் சொல்லுங்கள். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஆடிக் காற்று ஒரு நொடியைத் தின்றுவிடும். இந்த எண் கையில் இல்லாமல் செலவு செய்தால், செலவழித்த மனசே பிக்கப் கூடிவிட்டது என்று சாட்சி சொல்லும்.

கடைசியாக, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். முந்தும்போது எந்தக் கியரில் இருக்கிறீர்கள்? மைலேஜுக்காக 60 கிலோமீட்டரிலேயே ஐந்தாவது கியர் போட்டு ஓட்டுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அப்போது எஞ்சின் ஏறத்தாழ 1,600 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். தரையோடு மிதித்தாலும் சுமார் இருபது குதிரைத் திறன்தான் இருப்பில் உண்டு. அதே 60இல் மூன்றாவதுக்கு இறக்கினால் 2,700க்கு வரும், இருப்பு நாற்பதை நெருங்கும். வண்டிக்கு வண்டி இது சற்று மாறும் என்றாலும் கணக்கு இதுதான். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள வண்டியில் ஐவர் ஏறினால் 300 கிலோவுக்கு மேல் கூடுகிறது, ஏசி கம்ப்ரசர் மூன்று நான்கு குதிரைத் திறனை எடுத்துக்கொள்கிறது. ஐந்தாவது கியரில் எதை வைத்து அது டிராக்டரை முந்தும்?

திருவாரூர் சர்வேயர்:

ஐயா சொன்ன தொழில்நுட்பத்தில் நான் குறுக்கிடவில்லை. விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்ப்பவன் என்பதால் சட்டத்தை மட்டும் சேர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் இருக்கிறது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சருக்கு ஒலி மாசு என்ற தனிக் கணக்கும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு வெளிவந்தால் இழப்பீட்டில் இழுபறி வரும். 18,000 ரூபாயோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மைத்துனரின் யோசனை பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்டேன் எண் என்பது எரிபொருள் காலத்துக்கு முன் வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவே தவிர, அதில் உள்ள ஆற்றலின் அளவு அன்று. 91 ஆக்டேனுக்காக வடிவமைத்த எஞ்சினுக்கு 95 போடுவதால் வித்தியாசம் தெரியப் போவதில்லை. மேலும் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கே ஆக்டேன் உயர்வுதான்; குறைவது ஆற்றல். 10 விழுக்காட்டுக் கலப்புக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட பழைய கார்களில் மைலேஜ் 6, 7 விழுக்காடு குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. உங்கள் 17, 14.5 ஆனதில் இதற்கும் பங்கு இருக்கும்.

டீசல்காரன்:

ரீமேப் என்றாலே ஏமாற்று என்பது போல எழுதுவதை நான் ஏற்கவில்லை. என்னுடைய 1.3 லிட்டர் டர்போ டீசலுக்கு மயிலாடுதுறையிலிருந்து சென்னை வரை போய் ரீமேப் செய்துகொண்டு வந்தேன். அணைக்கரைப் பாலம் தாண்டுவதற்குள்ளேயே அது வேறு வண்டி என்று புரிந்துவிட்டது. டர்போவின் அழுத்தத்தையும் டீசல் அளவையும் சேர்த்துக் கூட்ட முடிவதால் இருபது விழுக்காடு கூடுதல் என்பது டீசலில் மிகையில்லை. ஆனால் பெட்ரோல் வண்டிக்கு ஐயா சொன்னதே சரி. முழு உண்மையையும் சொல்லிவிடுவது நியாயம் என்பதால் இதையும் எழுதுகிறேன்: கூடுதல் இழுவையை கிளட்ச் தாங்கவில்லை, 20,000 கிலோமீட்டரில் அதை மாற்ற ரீமேப்புக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகச் செலவானது. இருந்தும் வருத்தமில்லை.

வடுவூர் வழிப்போக்கர்:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். எண்கள் கையில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் அளந்தேன். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலை ஐந்தரை மணிக்கு, மூன்றாவது கியரில் 40லிருந்து 80. தஞ்சாவூர் நோக்கி மேலைக் காற்றை எதிர்த்துப் போகையில் 10.5 நொடி, திரும்புகையில் 9.3, சராசரி 9.9. ஓபிடி ஸ்கேனரில் வடுவூர் ஏரி தாண்டும்போது கூலண்ட் 66 பாகை. வீடு வந்து சேரும்வரை 68க்கு மேல் ஏறவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு பட்டறையில் தெர்மோஸ்டாட் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் துளை. எனக்கு முன்பு வண்டி வைத்திருந்தவர் காலத்திலேயே கழற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் மூடியின் கேஸ்கெட் கல்லாக இறுகிப்போயிருந்தது. ஐயா திரையைப் பார்த்தே சொன்னதை எண்ணிச் சிறிது நேரம் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது ஏர் ஃபில்டர் பெட்டி. கிளிப்புகளை விடுவித்து மேல்மூடியைத் தூக்கியதும், காகித மடிப்புகளுக்கு அடியில் ஒரு கை அளவு நெல் கிடந்தது. பாதி நெல், பாதி உமி, நடுவே கிழித்துப் பஞ்சாக்கிய சாக்குத் துணி. காற்று வரும் குழாய் வழியாக எலி ஒன்று எங்கள் வீட்டு நெல்லைக் கொண்டுவந்து சேர்த்துவைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஃபில்டரின் ஒரு மூலை சிறுநீரில் நனைந்து காய்ந்து அட்டை போல் விறைத்திருந்தது. மகள் அந்த நெல்லைக் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டுவிட்டாள்.

தெர்மோஸ்டாட் 850, கூலண்ட் 900, இளகலான 5டபிள்யூ-30 ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 2,400, ஏர் ஃபில்டர் 350, பிளக் நான்கும் 600, கூலி 800. ஆகமொத்தம் 5,900 ரூபாய். டயரில் காற்றை ஆறியபோது பார்த்ததில் பின்பக்கம் இடது சக்கரம் 27 காட்டியது, கதவோரச் சீட்டில் எழுதியிருப்பது 32. பிரேக் எதுவும் அனலாக இல்லை.

அதே இடத்தில், ஏறத்தாழ அதே காற்றில், மறுபடி அளந்தேன். எதிர்க்காற்றில் 9.1, திரும்புகையில் 8.3, சராசரி 8.7 நொடி. கூலண்ட் இப்போது 86க்கும் 90க்கும் இடையே நிற்கிறது, முள் சரிபாதியில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் அதைப் பார்த்துப் பயந்துபோய் ஓரமாக நிறுத்தினேன். மைலேஜ் ஒரே ஒரு டேங்கை வைத்துச் சொன்னால் மீட்டர் கணக்கில் 16.2.

மூன்றாவது கியர் பற்றியும் ஒப்புக்கொள்கிறேன். நான் நான்காவதில்தான் முந்த முயன்றுகொண்டிருந்தேன், சில சமயம் ஐந்தாவதில். சென்ற ஞாயிறு பாபநாசம் அருகே ஐவருடன் ஒரு லாரியை மூன்றாவதில் முந்தியபோது எஞ்சின் போட்ட சத்தத்தில் அம்மா கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டார். ஆனால் இரண்டாவது வரி முடிவதற்குள் நாங்கள் இடப்பக்கம் திரும்பிவிட்டோம். ரீமேப் பணம் அப்படியே இருக்கிறது. டயர் தேய்ந்ததும் எந்த அளவுக்குப் போவது, 185/65 சரியாக இருக்குமா?

ஓய்வுபெற்ற ஸ்பேனர்:

மகிழ்ச்சி தம்பி. 15 அங்குல வீலையே வைத்துக்கொள்வதானால் 185/65 சரி, விட்டம் 621.5 மில்லிமீட்டர் வரும், பழைய டயரோடு இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

புதுக் கூலண்ட் ஊற்றியிருப்பதால் உள்ளே காற்றுக் குமிழி நின்றிருக்கலாம். ஒரு வாரம், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, காலையில் ரிசர்வாயரின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே வகைக் கூலண்டை ஊற்றுங்கள், வீட்டுத் தண்ணீர் வேண்டாம்.

எலியை விட்டுவிட்டீர்களே. இருப்பு வைத்த இடத்துக்கு அது கட்டாயம் திரும்ப வரும். அடுத்த முறை ஃபில்டரோடு நிற்காமல் வயரையும் கடித்துவைக்கும், அந்தச் செலவு 5,900இல் அடங்காது. காற்று நுழையும் குழாயின் வாயில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பிவலையை வெட்டி, உள்ளே கழன்று விழாதபடி கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். கொசுவலையைக் கட்டிவிடாதீர்கள், ஒரே அறுவடையில் அதில் தூசி அடைத்து மறுபடி 9.9 நொடியில் வந்து நிற்பீர்கள்.